மூழ்கிய செலவும் முட்டி வலியும்

பர்வதமலையில் பாதி வழியில் ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் 30 ரூபாய். அடிவாரத்தில் அதே எலுமிச்சை, அதே சர்க்கரை, 15 ரூபாய். "பகல் கொள்ளை மாமா!" என்றான் என் மைத்துனன். அப்போது மணி காலை ஆறேகால். பகலே இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

மைத்துனனுக்குச் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். மூன்றாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் ரிப்பேர் என்றால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக மெயில் போடுகிற பிள்ளை. நான் பி.காம். கணக்கு என்று வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து வாயாலேயே காஸ்ட் ஷீட் போட்டுக் காட்டினேன்.

20 லிட்டர் கேன். தண்ணீர் மட்டும் 20 கிலோ. டம்ளருக்கு 200 மில்லி என்றால் 100 டம்ளர். சிந்தியது, டம்ளர் கழுவியது, 'ஒரு வாய் தண்ணி மட்டும் குடுங்கண்ணா' என்று ஓசியில் வாங்கிக் குடித்தவர்கள் எல்லாம் போக 80. டம்ளருக்கு 15 ரூபாய் அதிகம் என்றால் கேனுக்கு 1,200 ரூபாய். ஆக அந்த மனுஷர் கேட்பது எலுமிச்சைக்கு விலையில்லை. 20 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு, இருட்டில், ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறி வந்த கூலி.

"1,200 நான் தர்றேன். அடுத்த கேனை நீ போய்த் தூக்கிட்டு வர்றியா?"

மைத்துனன் பதில் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தான்.

ஜூஸ்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லி. கெண்டைக்கால் சதை மட்டும் உரித்த தேங்காய் மாதிரி உருண்டு நின்றது. இவரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரமே வேண்டியிருக்கும்.

அன்று தேதி 24 பிப்ரவரி 2024. சனிக்கிழமை. மாசிப் பௌர்ணமி. பௌர்ணமியும் ஆபீஸ் லீவும் ஒரே நாளில் வருவது குருவும் சுக்கிரனும் கூடி வருகிற மாதிரி அபூர்வம். விட மனசில்லாமல் மயிலத்திலிருந்து நாலு பேர் கிளம்பினோம். நான், மைத்துனன், கூடப் படித்த நண்பன், எங்கள் தெருவில் குடியிருக்கும் ரிடையர்டு தமிழ் வாத்தியார்.

மயிலத்தில் உள்ளவர்களுக்கு மலை என்றால் என்ன என்பதில் ஒரு குழப்பம் உண்டு. சூரபத்மன் மயிலாகித் தவமிருந்த மலை எங்களுடையது. புராணப் பெருமையில் யாருக்கும் சளைத்ததில்லை. ஆனால் வண்டியிலேயே மேலே போய்விடலாம். செருப்பைக் கழற்றுகிற நேரம் கூட ஏறுகிற நேரம் ஆகாது. பங்குனி உத்திரத்துக்குக் காவடியோடு ஏறுகிறவர்கள் கூட மேலே போய்த்தான் வியர்வையைத் துடைப்பார்கள். அதை வைத்துக்கொண்டு 'எங்களுக்கு மலை பழக்கம்' என்று எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் சொல்லிக்கொள்வதுண்டு. பர்வதமலை சுமார் 4,500 அடி. திருவண்ணாமலை தீப மலையே 2,668 அடிதான். அதற்கு மேல் இன்னொரு முக்கால் திருவண்ணாமலையை எடுத்து வைத்த மாதிரி.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். வயசு 34. எடை 92 கிலோ. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்கு எழுந்திருப்பவன். நடுவில் எழுவது டீக்கும் பஜ்ஜிக்கும். 'மலையா? நான் வரல மச்சி' என்று சொல்லக்கூடிய முதல் ஆள். ஆனால் இந்தப் பயணத்துக்கு நாள் குறித்ததே அவன்தான். காரணம் அவனுடைய அம்மா. கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லாதபோது அந்தம்மா ஒரு வேண்டுதல் வைத்தார். பேரனோ பேத்தியோ பிறந்தால் தன் பிள்ளை பர்வதமலை ஏறித் தன் கையாலேயே சாமிக்குப் பால் ஊற்றுவான் என்று. (ஏறப் போகிறவனை அவர் கலந்து ஆலோசிக்கவில்லை. நம் ஊரில் அந்த வழக்கம் கிடையாது.) பேத்தி பிறந்து மூன்று வயசாகி ஸ்கூலுக்கே போக ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதல் மட்டும் அப்படியே நின்றது. அம்மா தினமும் ஒரு தடவை ஞாபகப்படுத்தினார்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கே எழுந்து அவர்கள் வீட்டுப் பசுவைக் கறந்து, சின்ன எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியை அழுத்தி, துணி போட்டுக் கட்டிக் கொடுத்தார். தூக்கில் அவருடைய அப்பா பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரம்.

"தம்பி, அவன் கையால ஊத்தணும். பாத்துக்க" என்று என்னிடம் சொன்னார். சரிம்மா என்றேன்.

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, பிறகு தென்மாதிமங்கலம். வழியெல்லாம் வாத்தியார் தூங்கவில்லை. எங்களையும் தூங்க விடவில்லை. "தம்பிகளா, இப்ப நாம போறது சாதாரண ரோடு இல்லை. ஒரு ஆற்றுப்படையிலிருந்து இன்னொரு ஆற்றுப்படைக்குப் போறோம்" என்றார். டிரைவர் பயந்துபோய் "ரூட்டு மாறிட்டமா சார்?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். திண்டிவனத்தில் இருக்கிற கிடங்கில்தான் சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் இருந்த ஊர். செங்கம் பக்கத்து அரசன் நன்னனைப் பாடியது மலைபடுகடாம். 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். அதில் நன்னனுடைய நவிரமலை என்று வருவது இந்தப் பர்வதமலைதான் என்று சொல்கிறார்கள். மலை மேல் இருந்த சாமிக்கு அதில் காரி உண்டிக் கடவுள் என்று பெயர். இன்று மல்லிகார்ஜுனர். ஸ்ரீசைலத்து சாமியின் பெயரேதான். அம்மனும் அங்கே போலவே பிரமராம்பிகை.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், காலேஜில் தமிழ் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணித் தலையெழுத்தே என்று எழுதிய எனக்கு, அந்தப் பாட்டு ஒரு மலையேற்றக் கையேடு என்று அன்று ராத்திரிதான் தெரிந்தது. பரிசு வாங்கப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு, போய்விட்டு வந்த ஒருவன் வழி சொல்கிறான். எங்கே குழி இருக்கும், அதில் பாம்பு படுத்திருக்கும். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கு. சுனைக்குப் பக்கத்தில் பாசி வழுக்கும், எதையாவது பிடித்துக்கொண்டு போ. இப்படி ஒவ்வொன்றாக. மேலே போனால் என்ன கிடைக்கும் என்பதை விட, போகிற வழியில் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்கிற கவலைதான் அதில் தூக்கலாக இருக்கிறது. யூடியூப்பில் மலையேறுகிற வீடியோ போடுகிறவர்களில் பாதிப் பேர் உச்சியில் நின்று கையை விரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெருங்கௌசிகனார் கால் வைக்கிற இடத்தைச் சொல்கிறார்.

செஞ்சியைத் தாண்டும்போது நிலா வெளிச்சத்தில் ராஜகிரிக் கோட்டை கறுப்பாக நின்றது. இதற்கு அடுத்த வருஷம், 2025 ஜூலையில், அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். எங்களுக்கு அன்றைக்கு அங்கே டீக்கடை திறந்திருக்கிறதா என்பது மட்டுமே முக்கியமாகப் பட்டது. திறந்திருந்தது.

நாலரை மணிக்குத் தென்மாதிமங்கலம் அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பெரிய முனிகள். அவர்கள் பார்க்கிற பார்வையில் பாதிப் பேர் திரும்பி ஓடிவிடுவார்கள். கும்பிட்டுவிட்டு ஆளுக்கு ஒரு தடி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதலில் படிகள். படி என்றால் சௌகரியம் என்று நினைப்போம். அதுதான் கிடையாது. கரடுமுரடான பாதையில் கால் தனக்கு வசதியான உயரத்தில் வைத்துக்கொள்ளும். படி மேஸ்திரிக்கு வசதியான உயரத்தில் இருக்கும். இருநூறு படிக்குள் பேச்சு நின்றது. முன்னூறில் மைத்துனன் போன் ஸ்பீக்கரில் வைத்திருந்த பாட்டும் நின்றது. அப்புறம் காடு. இரண்டு பக்கமும் மரம் கவிந்து நிலா துண்டு துண்டாக விழுந்தது. எங்கோ ஒரு பறவை, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடாத மாதிரி கத்திக்கொண்டேயிருந்தது. வாத்தியார் வெறுங்காலுடன், தடி இல்லாமல், பால்காரருக்குக் கதவு திறக்கப் போகிறவர் மாதிரி முன்னால் போய்க்கொண்டிருந்தார். 61 வயசு. ஆளுக்கு ஐம்பத்து நாலு கிலோ இருந்தால் அதிகம்.

நண்பன் ஜூஸ் கடைக்கு வந்து சேர்ந்தபோது எங்களை விடக் கால் மணி நேரம் பின்னால் இருந்தான். வந்தவன் ஜூஸ் வேண்டாம் என்றான். சாப்பிடுகிற, குடிக்கிற விஷயத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மச்சி. நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கு. ராத்திரி பரோட்டா. கேஸ்."

நம்மில் எத்தனை பேருக்கு இந்த 'கேஸ்' இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் கேஸ். முதுகு பிடித்தால் கேஸ். தோள் குத்தினால், தாடை இழுத்தால், அதுவும் அங்கே போய் நின்றுவிட்ட கேஸ். ஒரு சோடா குடித்து ஏப்பம் விட்டால் எல்லாம் சரி. தமிழ்நாட்டு ஆண்பிள்ளைகளின் உடம்பில் இதயம் என்ற உறுப்பு சினிமாப் பாட்டுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. மற்ற சமயங்களில் அது வெறும் வாயு.

உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தான். பிப்ரவரிக் காலை, மலைக்காற்று, எங்களுக்குக் குளிர் தாங்காமல் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தொட்டால் ஜில்லென்று இருந்தது. மைத்துனன் தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி நண்பன் கையில் கட்டினான். (மணியைத் தவிர எல்லாம் காட்டுகிற கடிகாரம்.) நாடித் துடிப்பு 152. பத்து நிமிஷம் பொறுத்தோம். 148. எங்கள் மூன்று பேருக்கும் 100-க்குக் கீழே வந்து ரொம்ப நேரமாகிவிட்டது.

"இறங்கிடலாம்" என்றேன்.

"போடா. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"அண்ணா, இன்னும் கொஞ்ச தூரம்தான்ணா. மெதுவாப் போலாம்" என்று மைத்துனனும் ஆரம்பித்தான். அந்த வயசு அப்படி.

இந்த 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கொல்கிற வாக்கியம் தமிழில் வேறு கிடையாது. படம் அறுவை என்று பத்தாவது நிமிஷத்தில் தெரிந்த பிறகும் டிக்கெட் காசுக்காக மூன்று மணி நேரம் உட்கார வைப்பது அதுதான். கம்பெனி தேறாது என்று தெரிந்தும் போட்ட ஷேரை விற்க விடாமல் கையைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். பி.காம். காஸ்டிங் பேப்பரில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சங்க் காஸ்ட். மூழ்கிய செலவு. போன பணம் போனதுதான். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இனிமேல் ஆகப் போகிற செலவும் இனிமேல் வரப் போகிற லாபமும் மட்டும்தான் கணக்கு.

"டேய், செகண்ட் இயர் காஸ்டிங் ஞாபகம் இருக்கா? சங்க் காஸ்ட்?"

"அந்தப் பேப்பர்லதாண்டா எனக்கு அரியர்" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே.

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் சிரித்துவிட்டோம். வாத்தியார்தான் தன் பங்குக்கு உதாரணம் எடுத்துக் கொடுத்தார். வழியில் பார்த்த செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் முற்றுகை போட்டான். 1698-ல்தான் பிடித்தான். எட்டு வருஷம். இவ்வளவு நாள் உட்கார்ந்தாகிவிட்டதே என்று உட்கார்ந்தான். கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால், யாரைப் பிடிக்க வந்தானோ அந்த ராஜாராம் உள்ளே இல்லை. அதற்குள் தப்பித்துப் போயிருந்தான்.

நண்பன் அசையவில்லை. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றான். அதுதான் விஷயம். அவனுக்கு உச்சி பெரிசில்லை, போட்டோ பெரிசில்லை. மூன்று வருஷமாக ஒரு கடன் தலைக்கு மேலே தொங்குகிறது. அதைத் தீர்க்காமல் அம்மா முகத்தில் விழிக்க முடியாது. இதற்குக் காஸ்டிங்கில் ஃபார்முலா கிடையாது.

அப்போதுதான் ஜூஸ்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நண்பன் முகத்தைப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார் பேசிக்கினே இருக்கீங்க? ஏறுறதுக்கு சாமி இருக்காரு. எறங்குறதுக்கு அவனவன் காலுதான் சார் இருக்குது. இவரு கால்ல இப்ப ரெண்டுமே இல்ல. மேல போனா அங்கருந்து எவன் கொண்டாருவான்? குமரி நெட்டுல எவன் தூக்குவான்? கடப்பாரையில எவன் எறக்குவான்? நடக்கவே உடாதீங்க இவர."

குமரி நெட்டு, கடப்பாரை நெட்டு என்பதெல்லாம் அதற்கு மேலே இருக்கிற செங்குத்தான ஏற்றங்களின் பெயர்கள். பெயரைக் கேட்டாலே மூச்சு வாங்கும்.

அவர் பேசிக்கொண்டே வேலையை ஆரம்பித்துவிட்டார். கடைக்கு நட்டிருந்த இரண்டு கழிகளைப் பிடுங்கினார். தன் வேட்டி ஒன்று, வாத்தியாரின் மாற்று வேட்டி ஒன்று. ஐந்து நிமிஷத்தில் டோலி தயார். ஏறிக்கொண்டிருந்த காலேஜ் பையன்கள் நாலு பேரை "தம்பி, இங்க வாங்க" என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒருத்தன் கேட்கவில்லை. 108-க்குப் போன் போட்டுப் பார்த்தோம். சிக்னல் ஒரு கோடு காட்டி மறைந்தது. நூறு படி கீழே போய்த்தான் கிடைத்தது என்று பிறகு மைத்துனன் சொன்னான். ஆமாம், மைத்துனன் கீழே போனான். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று சொன்ன அதே பிள்ளை, யாரும் சொல்லாமலே டோலியின் முன் கழியைத் தோளில் வாங்கிக்கொண்டான். நானும் கூட இறங்கத்தான் திரும்பினேன்.

"நீ எங்கடா வர்ற?" என்று டோலிக்குள்ளிருந்து நண்பன் தூக்கை நீட்டினான். "ஊத்திட்டு வா. இல்லன்னா நாளைக்கு நானே திரும்பி வருவேன்."

வருவான் என்பது அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. தூக்கை வாங்கிக்கொண்டேன். இப்படியாக, வேண்டிக்கொண்டவர் ஒருவர், ஏற வேண்டியவன் ஒருவன், கடைசியில் ஏறியது மூன்றாவது ஆள். பேரேட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வாத்தியாரின் பின்னால் நடந்தேன்.

மேல் வழியை நான் நிறைய வர்ணிக்கப் போவதில்லை. பார்த்த நேரத்தை விட அடுத்த காலை எங்கே வைப்பது என்று தேடிய நேரம்தான் அதிகம். ஒரு கையில் பால் தூக்கு. இன்னொரு கையில் தடி, தடியைப் போட்ட பிறகு மரத்தின் வேர், வேரும் இல்லாத இடத்தில் பாறையின் விளிம்பு. கடைசியில் கடப்பாரைகள். நிஜமான கடப்பாரைகளேதான். செங்குத்துப் பாறையில் துளை போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. இரும்பு ஏணிப் படிகளும், தண்டவாளத்தைப் போட்டுச் செய்த படிகளும் வேறு இருக்கின்றன. இத்தனை இரும்பையும் தோளில்தானே கொண்டு வந்திருப்பார்கள்? கோயில் கட்டிய ராஜா பெயரைக் கேட்டால் நாலு பேராவது சொல்வார்கள். முதல் கடப்பாரையை அடிக்கிறபோது அந்த ஆள் எதன் மேல் கால் வைத்து நின்றான் என்று யாரைக் கேட்பது?

நடுப் பாறையில் காற்று வந்து முதுகில் தள்ளியது. கீழே பார்க்கக் கூடாது என்று சொல்வார்கள். பார்த்தேன். மரங்கள் கீரைக் கட்டுகள் மாதிரித் தெரிந்தன. அந்த மரங்களுக்கு நடுவில் எங்கோ ஒரு வேட்டித் தொட்டிலில் 92 கிலோ கணக்குப்பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கிறான். தூக்கின் வளையம் விரலை அறுத்தது. வாயில் கவ்விக்கொண்டேன். இரும்புச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எவர்சில்வர் தூக்கை வாயில் கவ்விக்கொண்டு ஏறிய பி.காம். பட்டதாரியை மல்லிகார்ஜுனர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் கோயிலில் பக்தர்களே சாமியைத் தொட்டு அபிஷேகம் செய்யலாம். யாரும் 'தள்ளு, தள்ளு' என்று சொல்லவில்லை. சன்னதியில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு லாரி டிரைவர் மாதிரி இருந்தார். அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தக் கடப்பாரையில் ஏறி வந்திருக்கிறாள்! என் முறை வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். திரியவில்லை. நண்பனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அவன் அம்மா பெயரையும் சொன்னேன். பேத்தி பெயரையும் சொன்னேன். 'அவன் கையால் ஊற்றவில்லை என்று கணக்கில் எழுதிவிடாதேயும்' என்று கேட்டுக்கொண்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. வாத்தியார் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்தால் வெயில். தூரத்தில் திருவண்ணாமலை ஒரு கூம்பு மாதிரி நின்றது. இந்தப் பக்கம் ஜவ்வாது மலை வரிசை. காலித் தூக்கைப் பாறை மேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேலே தூக்கி சிக்னல் தேடினேன். ஒரு குரங்கு வந்தது. நான் ஒரு அதட்டல் போடுவதற்குள் தூக்கை எடுத்துக்கொண்டு கோயில் கூரை மேல் போய் உட்கார்ந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. காலி என்று தெரிந்ததும் மூடியைத் தனியாக வீசியது. மூடி உருண்டு உருண்டு போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மலைபடுகடாம் மலையில் எழும் பலவகை ஓசைகளை வரிசையாகச் சொல்கிறதாம். இது அதில் இல்லை என்று வாத்தியார் உறுதி கூறினார்.

இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது நெஞ்சு வலிக்கும், இறங்கும்போது முட்டி. ஒவ்வொரு எட்டிலும் உடம்பு கீழே விழப் பார்க்கிறது. தொடைச் சதை நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். சதைக்கு இது பழக்கமில்லாத வேலை; அதனால்தான் வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிறது. திங்கட்கிழமை பஸ் படி இறங்குவதற்குக் கண்டக்டர் எனக்குக் கை கொடுத்தார்.

பாதி வழியில் ஜூஸ் கடை இருந்த இடம் வெறுமனே கிடந்தது. இரண்டு கேன், ஒரு கூடை எலுமிச்சை, கவிழ்த்த டம்ளர்கள். ஆள் இல்லை. யாரும் எதையும் தொடவும் இல்லை.

அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் மைத்துனனோடு போன் பேச முடிந்தது. ஆம்புலன்ஸில் திருவண்ணாமலைக்குக் கொண்டு போயிருந்தார்கள். பி.பி. 190/110. 'தம்பி, உங்களுக்கு பி.பி. இருக்கிறது தெரியுமா?' என்று டாக்டர் கேட்டதற்கு இவன் 'கேஸ்தான் டாக்டர்' என்றிருக்கிறான். அப்புறம் சென்னை, ஆஞ்சியோ, ஒரு ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு, ஸ்டென்ட். 34 வயசில். அடுத்த மாதமே, 2024 மார்ச்சில், வெள்ளியங்கிரி ஏறப் போனவர்கள் சிலர் அடுத்தடுத்து மலையிலேயே இறந்த செய்தி பேப்பரில் வந்தது. நண்பன் அந்தப் பக்கத்தை மடித்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறான். என்னிடம் காட்டினான். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூஸ்காரர் விஷயத்தை மைத்துனன் சொன்னான். ஆம்புலன்ஸ் கதவை மூடுகிறபோது இவன் பர்ஸைத் திறந்து 5,000 ரூபாயை நீட்டியிருக்கிறான். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாராம். "இன்னிக்கு ஒரு கேன் விக்காம நின்னுபோச்சு. அது வித்திருந்தா என் கைக்கு வர்றது 1,200. அத மட்டும் குடு." காலேஜில் ஆப்பர்சூனிட்டி காஸ்ட் என்று ஒரு முழுப் பாடம் நடத்தினார்கள். இவ்வளவு சுத்தமாக யாரும் விளக்கியதில்லை. மைத்துனன் பேரம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரம் நண்பனைப் பார்க்கப் போனேன். அவனுடைய அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பயந்துகொண்டே போனேன். வேண்டுதல் முறைப்படி நிறைவேறவில்லை. என்ன சொல்வாரோ?

"அதெல்லாம் நான் பேசிட்டேன்" என்றார். "அப்பனுக்கு வெச்ச பாக்கிய புள்ள வாங்கிக்கக் கூடாதா இன்னா? நம்ம மயிலத்து முருகன் யாரு, அவரு புள்ளதானே? உடம்பு தேறட்டும், இங்கியே ஏறி ஊத்திடுவான். வண்டி போவுது."

சிவன் கணக்கில் பற்று, முருகன் கணக்கில் வரவு. ஒரே ஜர்னல் என்ட்ரி. ஆடிட்டர் கூட ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு உயிர் வந்தது. உள்ளே போய் நண்பனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உப்பில்லாத கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேத்தி அவன் காலடியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்பி வெளியே வந்து செருப்பில் கால் நுழைத்தேன். அம்மா பின்னாலேயே வந்தார்.

"தம்பி, எல்லாம் இருக்கட்டும். தூக்கு எங்க?"